தாய்லாந்துப் பண்டிகைகளும் பலகாரங்களும்: புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு கைவழிகாட்டி

தாய்லாந்தில் பண்டிகைக்கு முந்தைய நாள்தான் அடுப்படிக்கு உண்மையான பண்டிகை. அரிசி ஊறிக்கொண்டிருக்கும், இலை வாடிக்கொண்டிருக்கும், பாதி வெந்தும் வேகாமலும் எல்லாம் கிடக்கும். அந்த நாளுக்கு 'வான் சுக் திப்' என்று தனிப்பெயரே உண்டு. மறுநாள் விடிந்ததும் பலகாரம் வீட்டைவிட்டுப் போய்விடும். முதல் பங்கு பிக்குகளுக்கு, அடுத்தது இறந்துபோனவர்கள் பெயரில், அதன்பின் வீட்டுப் பெரியவர்களுக்கு. மிச்சம்தான் சமைத்தவருக்கு.

இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் அந்த நாட்டுப் பண்டிகைச் சமையல் முழுக்கப் பிடிபட்டுவிடும். கொடுப்பதற்காகச் செய்வது என்பதால் இலையில் கட்டுகிறார்கள், பாகில் பிணைக்கிறார்கள், துண்டு போடுகிறார்கள். எண்ணிக் கொடுக்க வேண்டும், ஒழுகக் கூடாது, ஓரிரு நாள் தாங்க வேண்டும். சுற்றுலாப் புத்தகங்கள் பண்டிகை உணவு என்று பட்டியலிடும் பாட் தாய் நூடுல்ஸும் தோம் யாம் சூப்பும் இந்தக் கணக்கில் வரவே வராது.

நாள் பார்ப்பது எப்படி

இரண்டு நாட்காட்டிகள் வேண்டும். தாய்ப் புத்தாண்டான சொங்க்ரான் மட்டும் ஆங்கிலத் தேதிப்படி, ஏப்ரல் 13 முதல் 15 வரை. மற்ற மரபுப் பண்டிகைகள் பெரும்பாலும் நிலாக் கணக்கு. வளர்பிறைக்கு 'குவென்', தேய்பிறைக்கு 'ரேம்'. வீட்டுச் சுவரில் மாட்டும் தாய் நாட்காட்டியில் தேதிக்குக் கீழே இது அச்சிட்டிருக்கும், பௌத்த விரத நாட்களில் சிறிய புத்தர் படம் இருக்கும். முதல் மாதம் நவம்பர், டிசம்பரில் தொடங்குகிறது. அதனால் ஆறாம் மாதப் பௌர்ணமி (விசாக பூசை) பெரும்பாலும் மே மாதத்தில், பதினோராம் மாதப் பௌர்ணமி (பிக்குகளின் மழைக்கால விரதம் முடியும் ஓக் பன்சா) அக்டோபரில், பன்னிரண்டாம் மாதப் பௌர்ணமி (நீரில் சிறு தெப்பம் விடும் லோய் க்ரதொங்) நவம்பரில் வரும்.

போன வருடத் தேதியை நம்பிப் பயணச்சீட்டு எடுத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. சில ஆண்டுகளில் எட்டாம் மாதம் இரண்டு தடவை வரும். அப்போது மழைக்கால விரதம் ஒரு மாதம் தள்ளிப்போகும். விரதம் தொடங்குவதற்கு முந்தைய நாளான ஆசாள்ஹ பூசை 2023இல் ஆகஸ்ட் 1, 2024இல் ஜூலை 20, 2025இல் ஜூலை 10. அந்தந்த ஆண்டின் அரசு விடுமுறைப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும். முன்னோர்களுக்கான பத்தாம் மாதச் சடங்கு, சீன வழிவந்த ஜே எனும் சைவ விரதம், லோய் க்ரதொங் போன்றவை நாடு தழுவிய அரசு விடுமுறை அல்ல. அவற்றுக்கு நிலாக் கணக்கைப் பார்ப்பதுதான் வழி.

சொங்க்ரான்: காவ் சே

சொங்க்ரான் என்றால் வெளிநாட்டாருக்குத் தண்ணீர்த் துப்பாக்கி. 2023இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது என்னவோ கோயிலும் வீடும் சார்ந்த சொங்க்ரான்தான். புத்தர் சிலைக்கு நறுமண நீர் ஊற்றுவது, பெரியவர்களின் உள்ளங்கையில் நீர் விட்டு ஆசி வாங்குவது, கோயிலுக்குச் சோறு கொண்டுபோவது என்று அது நடக்கும். அந்த வெயில் காலத்துக்கென்று உள்ள உணவு காவ் சே: மல்லிகை மணக்கும் குளிர்ந்த நீரில் மிதக்கும் சோறும், அதற்குத் தொட்டுக்கொள்ளச் சின்னச் சின்னப் பொரியல்களும்.

இது பர்மாவிலும் தாய்லாந்திலும் வாழும் மோன் இன மக்களிடமிருந்து வந்தது. அவர்கள் சொங்க்ரான் தேவதைக்குப் படைத்துவிட்டுப் பிக்குகளுக்குக் கொடுத்த நீர்ச்சோறு, நான்காம் ராமா மன்னர் காலத்தில், மோன் வழிவந்த அவருடைய துணைவி சோன்க்லின் மூலம் அரண்மனைக்குள் போனது. பேச்சபுரியிலுள்ள கோடை அரண்மனையிலிருந்து அந்த ஊர்ச் சமையலறைகளுக்கும் இறங்கியது. அதனால்தான் இன்றும் இரண்டு வகை. அரண்மனை வகையில் ஐந்தாறு தொடுகறிகள் இருக்கும். பேச்சபுரி வகையில் மூன்றே மூன்று: உப்பிட்டு நொதித்த இறால் விழுது உருண்டை, இனிப்பு முள்ளங்கி, இனிப்பு மீன். முதல் தடவை செய்கிறவர்கள் பேச்சபுரி வகையோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். அதற்கே ஒரு முழு நாள் வேண்டும்.

நம் பழையசோறு போலத்தானே என்று அசட்டையாக இறங்க வேண்டாம். பழையசோற்றுக்குப் புளிப்புதான் உயிர். காவ் சேயில் துளி புளிப்பு தட்டினாலும் கீழே கொட்ட வேண்டியதுதான். நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டும், சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்க வேண்டும்.

நான்கு பேருக்குச் செய்யும் முறை:

1. முதல் நாள் பிற்பகலில் 2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடிவைத்து முழுக்க ஆறவிடுங்கள். மண்பானை இருந்தால் அதில் ஊற்றலாம். வெங்காயமோ மீனோ இருந்த பாத்திரம் கூடாது. தண்ணீர் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும்.

2. மாலை 6 மணிவாக்கில் மலராத குண்டுமல்லி மொட்டுகள் 25, 30 எடுத்து, காம்பைக் கிள்ளிவிட்டு, லேசாக அலசி நீரின்மேல் மிதக்கவிடுங்கள். இரவில் மொட்டு விரியும்போதுதான் மணம் இறங்கும். மறுநாள் காலை 6 மணிக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் விட்டால் இதழ் அழுகத் தொடங்கி நீர் கசக்கும். பூக்கடை மல்லிகையில் மருந்து தெளித்திருப்பார்கள். மருந்தடிக்காத பூ கிடைக்காவிட்டால், பாட்டிலில் வரும் உணவுத்தர மல்லிகை நீரில் நாலைந்து சொட்டு விடுவதே மேல்.

3. நீருக்குப் புகைமணம் ஏற்ற 'தியான் ஓப்' என்ற வளைந்த வாசனை மெழுகுவத்தி உண்டு. நீரின்மேல் ஒரு சின்னக் கிண்ணத்தை மிதக்கவிட்டு, அதில் வத்தியை வைத்து இரண்டு முனையிலும் கொளுத்தி, சுடரை ஊதி அணைத்துவிட்டு, புகை கிளம்பும்போதே பாத்திரத்தை மூடுங்கள். 15 நிமிடம் போதும். வேண்டுமானால் இன்னொரு முறை செய்யலாம். மூன்றாம் முறை போனால் ஊதுவத்தி கரைத்த நீர்போல் இருக்கும்.

4. பழைய அரிசியாக 300 கிராம். புது மல்லிகை அரிசி குழைந்துவிடும். நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைத்து அரிசியைப் போட்டு, ஒரு பருக்கையை நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும் பதத்தில், அதாவது ஏறக்குறைய 7, 8 நிமிடத்தில், வடிதட்டில் கொட்டிக் குளிர்ந்த நீரில் அலசுங்கள்.

5. இதுதான் கை வேலை. ஒரு பேசின் தண்ணீரில் படிகாரக் கட்டியை இரண்டு சுற்றுச் சுழற்றி எடுத்துவிட்டு, சோற்றை அதில் போட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மெல்ல உருட்டித் தேய்க்க வேண்டும். பருக்கையின் மேலுள்ள மாவும் கூர்முனையும் போய், வழவழப்பாக வரும். நீரை நாலைந்து தடவை மாற்றி, கலங்காமல் நிற்கும்வரை செய்யுங்கள். இந்தப் படியைச் சுருக்குகிறவர்களின் காவ் சே பத்து நிமிடத்தில் கஞ்சித் தண்ணீர் ஆகிவிடும்.

6. ஈரத்துணியில் பரப்பி ஆவியில் 15 முதல் 20 நிமிடம் வேகவிடுங்கள். இட்லிப் பானையே போதும். நான்காம் படியில் அரிசி முழுக்க வெந்திருந்தால் இங்கே வெடித்துப்போகும். ஆறியபின் மூடிவையுங்கள்.

தொடுகறிகளில் முக்கியமானது 'லுக் கப்பி'. இரண்டு மேசைக்கரண்டி இறால் விழுதை வாழையிலையில் பொதிந்து வாட்டுங்கள். சுட்ட மீன் சதை ஒரு கோப்பை, சின்ன வெங்காயம் 8, பூண்டு 6 பல், எலுமிச்சைப்புல் 2 தண்டின் அடிப்பகுதி, இஞ்சி இனத்துக் கிரச்சாய் வேர் நாலைந்து விரல், கொத்தமல்லி வேர் 3, இவற்றோடு சேர்த்து இடித்து, கால் கோப்பைத் தேங்காய்ப்பாலும் இரண்டு மேசைக்கரண்டிப் பனைவெல்லமும் விட்டு வாணலியில் கிளறுங்கள். கரண்டியை எடுத்தால் விழுது வாணலியை விட்டுப் பிரிந்து உருண்டு வர வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் எண்ணெயில் போட்டதும் வெடிக்கும். ஆறவிட்டு, சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிதாக உருட்டி, முட்டை கலந்த மெல்லிய மாவில் தோய்த்துப் பொரித்தெடுங்கள். உப்பும் இனிப்பும் தூக்கலாக இருப்பது சரிதான். நீர்ச்சோற்றில் உப்பே கிடையாது என்பதை மறக்கக் கூடாது.

முள்ளங்கிக்கு உப்பில் ஊறிய காய்ந்த முள்ளங்கி 200 கிராம். மெல்லச் சீவி, மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, கொஞ்சம் எண்ணெயில் 100 கிராம் வெல்லத்தோடு பளபளப்பாக வரும்வரை வதக்குங்கள். மீனுக்கு, உப்புக்கண்ட மீனை வாட்டி முள் நீக்கி உதிர்த்து, வெல்லம் போட்டு உலர வறுங்கள். பேச்சபுரி பனைமரங்கள் நிறைந்த சீமை. அங்கே வெல்லம் என்றால் பனைவெல்லம்தான். சீனி போட்டால் இனிப்பு வரும், அந்த ஊர் ருசி வராது.

சாப்பிடும் விதத்தில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு சோறு, மேலே மணநீர், இரண்டு துண்டு பனிக்கட்டி. தொடுகறியை ஒருபோதும் கிண்ணத்துக்குள் போடக் கூடாது. எண்ணெய் மிதந்து நீர் கெட்டுவிடும். உருண்டையை முதலில் வாயில் போட்டு மென்று, அதன்பின் ஒரு கரண்டி நீர்ச்சோறு. இடையில் மாங்காய்க் கீற்று, வெள்ளரி, கிரச்சாய். தொடுகறிக்குத் தனிக் கரண்டி வைப்பதும் இதற்காகத்தான். பாங்காக் உணவகங்களில் மார்ச் கடைசியிலிருந்து மே வரை கிடைக்கும். நொந்தபுரியில் மோன் மக்கள் வாழும் கோ க்ரெட் தீவுச் சந்தையில் விலை மலிவு.

சொங்க்ரானுக்குக் 'கலமே'யும் கிண்டுவார்கள். ஒட்டும் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் மணிக்கணக்கில் கிளறிச் செய்யும் கறுப்புப் பலகாரம். கீழக்கரைத் தொதலோ இலங்கைத் தொதலோ தின்றவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. நாலைந்து பேர் மாறி மாறிக் கிண்டுவதற்கு ஆள் இல்லாத வீட்டில் இதைத் தொடங்க வேண்டாம்.

வடக்கே, சியாங் மாய் பக்கம், 14ஆம் தேதி சமையல் நாள், 15ஆம் தேதி கோயில் நாள். 16ஆம் தேதி 'வான் பாக் பீ': வருடத்தின் வாய் என்று கொள்ளலாம். அன்று வீட்டுக்கு வீடு பிஞ்சுப் பலாக் குழம்பு, 'கேங் கனுன்'. பலாவின் பெயரில் தாங்கி நிறுத்துதல் என்ற சொல் ஒலிப்பதால், அந்த ஆண்டு நம்மைத் தாங்கும் என்று நம்பிக்கை. அரைக் கிலோ பிஞ்சுப் பலாவைக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டி உப்புநீரில் போடுங்கள், இல்லையேல் கறுக்கும். 300 கிராம் பன்றி விலா எலும்பை ஒரு லிட்டர் நீரில் அரை மணி நேரம் வேகவிட்டு, பலாவைச் சேருங்கள். 7 காய்ந்த மிளகாய், 5 சின்ன வெங்காயம், 8 பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி இறால் விழுது, உப்பு இடித்துக் கரையுங்கள். பலா கரண்டியால் பிளக்கும் பதம் வர 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். பத்துப் பன்னிரண்டு சின்னத் தக்காளியைப் போட்டு, இறக்கும்போது சா-ஓம் (வேல இனக் கீரை) கொழுந்தும் சா-ப்லூ (காட்டு வெற்றிலை) இலையும் கிள்ளிப் போடுங்கள். தேங்காய்ப்பால் கிடையாது. புலால் வேண்டாதவர்கள் எலும்பை விட்டுவிட்டு, இறால் விழுதுக்குப் பதில் 'துவா நாவ்' என்ற புளித்த சோயா வில்லையை வாட்டி இடித்துப் போடலாம். வடக்கத்திக்காரர்களே செய்வதுதான்.

பத்தாம் மாதம்: முன்னோர்களுக்கான பதினைந்து நாள்

பத்தாம் மாதத் தேய்பிறை, செப்டம்பர் அல்லது அக்டோபர். நம் மகாளய பட்சமும் பெரும்பாலும் இதே தேய்பிறையில்தான் விழும், நோக்கமும் அதேதான். பிரதமையன்று பாதாளத்திலிருந்து விடப்படும் முன்னோர்கள் அமாவாசையன்று திரும்பிப் போகிறார்கள் என்பது தென் தாய்லாந்தின் நம்பிக்கை. வரும்போது ஒரு விருந்து, போகும்போது பெரிய விருந்து. நகோன் சி தம்மராத் ஊரில் இது மிகப் பெரிய விழா. அமாவாசைக்கு முன்தினம் 'ம்ராப்' எனப்படும் படையல் தட்டுகள் ஊர்வலமாக மகாதாதுக் கோயிலுக்குப் போகும்.

ம்ராப் அடுக்க ஒரு முறை இருக்கிறது. கூடையின் அடியில் அரிசி, அதன்மேல் உப்பு, சர்க்கரை, வெங்காயம், பூண்டு, மிளகாய். அடுத்துக் கருவாடு, காய்கறி, தேங்காய். பிறகு வெற்றிலை பாக்கு, மெழுகுவத்தி, தீப்பெட்டி போன்ற அன்றாடச் சாமான். உச்சியில் ஐந்து பலகாரங்கள்: லா, போங், பா, தி சாம், கொங். இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் தட்டு முழுமையாகாது. ஒவ்வொன்றும் முன்னோருக்கு வேண்டிய ஒரு பொருள். 'லா' அவர்களுக்கு உடை, 'போங்' கடக்கத் தெப்பம், 'பா' விளையாட்டுக் காய், நடுவில் ஓட்டை உள்ள 'தி சாம்' காசு, 'கொங்' அணிகலன். இவற்றை வீட்டில் செய்யத் திணற வேண்டாம். அந்த வாரம் தெற்கத்திச் சந்தை எங்கும் குவிந்து கிடக்கும். ஆனால் 'லா' சுடுவதை ஒரு முறையாவது நின்று பார்க்க வேண்டும். அரிசி மாவும் வெல்லப் பாகும் கலந்த கரைசலை, அடியில் ஏராளமான ஊசித்துளை போட்ட தகரக் குவளையில் ஊற்றி, முட்டை மஞ்சள்கரு கலந்த எண்ணெய் தடவிய பெரிய சட்டியின்மேல் வட்டமாகச் சுழற்றுவார்கள். நூல்நூலாக விழுந்து வலைபோல் படியும். பசித்த பிரேதத்தின் வாய் ஊசித்துளை அளவுதான் என்பதால் பலகாரமும் நூலாக இருக்க வேண்டுமாம்.

மத்தியப் பகுதியில் அதே அமாவாசைக்குச் செய்வது 'கிரயாசாத்'. வீட்டில் செய்யத் தகுந்தது இதுதான், பொருள்களும் நமக்குப் பழக்கமானவை. நெல்பொரி 150 கிராம், 'காவ் மாவ்' 200 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 300 கிராம், வறுத்த வெள்ளை எள் 150 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் அரை லிட்டர், தென்னை அல்லது பனைவெல்லம் 500 கிராம், குளுக்கோஸ் பாகு 250 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி. காவ் மாவ் என்பது பால் முற்றும் பருவத்தில் அறுத்த பச்சை நெல்லை வறுத்து இடித்த அவல். அது கிடைக்காத இடத்தில் கெட்டி அவலை வெறும் வாணலியில் மொறுமொறுப்பாக வறுத்துச் சேர்க்கலாம், நிறமும் பச்சை மணமும் மட்டும் இருக்காது.

தேங்காய்ப்பாலையும் வெல்லத்தையும் அடிகனத்த பித்தளை வாணலியில் கரைத்து வடிகட்டுங்கள். வெல்லத்தில் மண் இல்லாமல் இருக்காது. உப்பும் குளுக்கோஸ் பாகும் சேர்த்து மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் நுரைத்துப் பொங்கும், பிறகு நுரை அடங்கிக் குமிழ் பெரிதாகும், பிறகு எண்ணெய் பிரியும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்ற உருண்டையாகத் திரள வேண்டும். வெப்பமானி இருந்தால் 118 முதல் 120 பாகை. தீயைக் குறைத்துக் கடலை, எள், காவ் மாவ் என்ற வரிசையில் போட்டு, பாகு எல்லாவற்றிலும் ஏறியதும் கடைசியாகப் பொரி. பொரி விழுந்தபின் ஐந்து நிமிடத்துக்குமேல் அடுப்பில் இருக்கக் கூடாது. எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, வாழையிலையை மேலே வைத்து அழுத்தி, இளஞ்சூட்டில் துண்டு போடுங்கள்.

கெட்டுப்போவது மூன்று இடத்தில். பதம் வராத நீர்ப்பாகில் பொரியைப் போட்டால் அது நமுத்துக் கூழாகும், பிறகு எவ்வளவு கிளறினாலும் மீளாது. பாகு முற்றினால் மறுநாள் பல் போகும், கோயிலில் முதியவர்கள் தட்டை நகர்த்திவிடுவார்கள். கடலையும் எள்ளும் சூடாக இருக்கும்போதே டப்பாவில் மூடினால் வியர்த்து, நாலாம் நாள் சிக்கு வாடை வரும். கிரயாசாத்தைத் தனியாகத் தின்பதில்லை. 'க்ளுவாய் காய்' எனும் சின்ன மஞ்சள் வாழைப்பழத்தோடு கடித்தால்தான் அந்தத் திகட்டும் இனிப்பு அடங்கும்.

பொரியும் பச்சை அவலும் தாய்லாந்துச் சடங்குகளில் இன்னோர் இடத்திலும் வரும். பாங்காக்கில் 1784இல் முதலாம் ராமா மன்னர் கட்டிய தேவஸ்தான் கோயிலில் அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் நடத்தும் திரியம்பவாய், திரிபவாய் பூசையின் படையலில் அவை உண்டு. திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அந்தப் பெயர்கள். கோயிலுக்கு எதிரே நிற்கும் செந்நிறப் பெரிய ஊஞ்சல் அந்தச் சடங்குக்கு உரியது. ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றது, பூசை நிற்கவில்லை.

ஜே: மஞ்சள் கொடி பறக்கும் ஒன்பது நாள்

சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் முதல் ஒன்பது நாள், பெரும்பாலும் அக்டோபரில். சீன வழிவந்த தாய் மக்களின் விரதம், இப்போது மற்றவர்களிலும் பலர் கடைப்பிடிக்கிறார்கள். புக்கெட்டில் கத்து என்ற ஊரில் 1825இல் ஒரு சீனக் கூத்துக் குழு தொடங்கியதாகச் சொல்வார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் தாய்லாந்துக்குப் போக இதைவிட நல்ல வாரம் இல்லை. சிவப்பு எழுத்து போட்ட மஞ்சள் கொடி தொங்கும் கடையில் இறைச்சி, மீன் சாறு, இறால் விழுது, முட்டை எதுவும் கிடையாது. பாலும் நெய்யும்கூடக் கிடையாது. பூண்டு, வெங்காயம் போன்ற காரவாடைக் காய்களும் விலக்கு. மற்ற மாதங்களில் 'மங்சவிராத்' (சைவம்) என்று கேட்டால் முட்டை வரலாம், மீன் சாறும் நழுவி விழலாம். 'கின் ஜே' என்று கேட்டால்தான் ஐயமில்லை. அந்த வாரம் எண்ணெயில் பொரித்ததும் மாவில் செய்த போலி இறைச்சியும்தான் கடைகளில் அதிகம். நாலாம் நாள் வயிறு கனக்கும், காய்கறிச் சாறு தேடி உண்பது நல்லது.

ஓக் பன்சா: காவ் தோம் மத்

பதினோராம் மாதப் பௌர்ணமியோடு பிக்குகளின் மூன்று மாத மழைக்கால உறைவு முடிகிறது. தாய்க்குப் போதிக்கத் தேவலோகம் போயிருந்த புத்தர் இறங்கி வந்த நாளாகக் கருதி, மறுநாள் 'தக் பாத் தேவோ' என்ற பெரிய பிச்சையளிப்பு. உதய் தானியில் சங்கத் ரத்தனகிரிக் கோயில் குன்றின் 449 படிகளில் பிக்குகள் வரிசையாக இறங்கி வருவார்கள். கூட்டத்தில் கிட்டே போக முடியாதவர்கள் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டதிலிருந்து வந்ததாம் 'லுக் யோன்' எனும் நீள வால் வைத்த ஒட்டரிசிப் பொட்டலம். தெற்கே அதே நாட்களில் பனை இன இலையில் முக்கோணமாகக் கட்டுவார்கள். மத்தியப் பகுதியில் இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டும் காவ் தோம் மத். இணைபிரியாத ஜோடி என்று இதற்கு ஒரு பெயர் இருப்பதால், புதுமணத் தம்பதிகள் மழைக்கால விரதத் தொடக்க நாளிலும் இதைக் கொடுப்பார்கள்.

ஒரு கிலோ ஒட்டும் அரிசியை 3 மணி நேரம் ஊறவைத்து வடியுங்கள். 150 கிராம் கறுப்புத் தட்டைப்பயறை இரவே ஊறவைத்து, நன்றாக மசியும் பதம்வரை தனியாக வேகவைத்திருக்க வேண்டும். சர்க்கரை பட்டபின் பயறு மேற்கொண்டு வேகாது. 900 மில்லி தேங்காய்ப்பால், 300 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி உப்பு சேர்த்துச் சூடாக்கி, அரிசியைப் போட்டு, பால் முழுக்க இழுத்துக்கொள்ளும்வரை கிளறுங்கள். அரிசி இப்போது அரைவேக்காடாக இருக்கும். முழு வேக்காடு ஆனால் கட்டவே வராது.

பழம் 'க்ளுவாய் நம்வா', நம் ஊர்க் கற்பூரவல்லியேதான். தோல் முழு மஞ்சள், புள்ளி விழாத பதம். நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். காயாக இருந்தால் துவர்க்கும். மிகவும் கனிந்தால் கரைந்து புளிப்பேறும். சரியான பழம் வெந்தபின் இளஞ்சிவப்பாக மாறியிருக்கும், வெட்டிப் பார்க்கும் கடைக்காரர்கள் இந்த நிறத்தைத்தான் பார்ப்பார்கள்.

இலையை அரை நாள் வெயிலில் வாடவிட்டு, ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். பச்சையாக மடித்தால் நரம்போடு கிழியும். பெரிய துண்டின்மேல் சின்னத் துண்டை, நரம்பு குறுக்கே போகுமாறு வையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி அரிசி, பழக்கீற்று, மேலே இன்னும் கொஞ்சம் அரிசி, நாலைந்து பயறு. இலையின் இரு ஓரத்தையும் சேர்த்து இறுக மடித்து, இரண்டு முனையையும் ஒரே பக்கமாக மடக்குங்கள். இப்படி இரண்டு பொட்டலத்தை மடிப்புப் பக்கம் உள்ளே வரும்படி முகத்தோடு முகம் வைத்து, நீரில் ஊறிய மூங்கில் நாரால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். கட்டு தளர்ந்தால் நீர் புகுந்து சோறு சளசளக்கும். கொதிக்கும் நீரின்மேல் ஒரு மணி நேரம் ஆவியில் வையுங்கள். இடையில் நீர் வற்றினால் கொதிநீர்தான் ஊற்ற வேண்டும். இதில் 20, 22 ஜோடி தேறும். தேங்காய்ப்பால் இருப்பதால் வெளியே ஒரு நாளுக்குமேல் தாங்காது. குளிரில் வைத்தால் அரிசி விறைக்கும், மறுபடி ஆவியில் காட்டினால் பழையபடி இளகும்.

மற்றவை, சுருக்கமாக

சீனப் புத்தாண்டுக்கு மூன்று நாள்: கொள்முதல் நாள், படையல் நாள், வெளியே போகும் நாள். கொள்முதல் நாளன்றே காய்கறியும் மளிகையும் வாங்கிவிடுங்கள். அதற்குப்பின் பாங்காக்கின் சீனத் தெருக்களில் பல கடைகள் சில நாள் திறக்காது. படையலில் வேகவைத்த 'கனோம் கெங்', பாசிப்பருப்புப் பூரணம் வைத்து இலையில் கூம்பாக மடித்த 'கனோம் தியான்' இரண்டும் இருக்கும். தியானில் காரப் பூரணமும் உண்டு, மிளகு தூக்கலாக நன்றாயிருக்கும்.

வடகிழக்கே ஈசான் பகுதியில் மூன்றாம் மாதம் 'காவ் சி': வெந்த ஒட்டரிசியை உப்புப் போட்டுப் பிசைந்து கையளவு தட்டி, கரி நெருப்பில் இரண்டு பக்கமும் மேல் காய வாட்டி, பிறகு அடித்த முட்டை தடவித் திரும்ப வாட்டுவது. மேல் காயுமுன் முட்டை தடவினால் வழிந்து நெருப்பில் விழும். குளிர்காலை ஆறு மணிக்கு இதற்கு இணை இல்லை.

லோய் க்ரதொங்குக்கென்று தனிப் பலகாரம் எதுவும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மீனுக்கு இரையாகும் என்று ரொட்டியில் செய்த தெப்பம் விற்பார்கள். ஓடும் ஆற்றுக்கு அது சரி. மூடிய குளத்தில் நூற்றுக்கணக்கில் விட்டால் ஊறி அழுகி மீனைக் கொல்லும். அங்கே வாழைத்தண்டுத் தெப்பமே நல்லது.

கோயிலுக்குக் கொண்டுபோகும்போது

காலைப் பிச்சை 6 மணியை ஒட்டி. கோயிலில் கொடுப்பதென்றால் 10 மணிக்குள் போய்விடுங்கள், 11 மணிக்குச் சாப்பாடு தொடங்கிவிடும். பிக்குவின் பாத்திரத்தில் போடும்போது செருப்பைக் கழற்றுங்கள், பாத்திரத்தையோ அவரையோ தொடாமல் பொட்டலத்தை மட்டும் விடுங்கள். கோயிலுக்குள் பெண்கள் நேரடியாகக் கையில் கொடுப்பதில்லை. பிக்கு விரிக்கும் துணியின்மேல் வைப்பார்கள். சுடச்சுடக் குழம்பை மெல்லிய பையில் கட்டிப் பாத்திரத்தில் போடாதீர்கள், பாத்திரம் உலோகம், ஏந்தியிருப்பது கை. கொடுத்தபின் ஒரு சின்னக் குவளையிலிருந்து கிண்ணத்துக்கு நீரை இடைவிடாமல் ஊற்றியபடி, போனவர்களுக்கு அந்தப் புண்ணியத்தைச் சேர்க்கச் சொல்வார்கள். பிக்குகள் ஓதத் தொடங்கும்போது ஊற்றத் தொடங்கி, முதல் பகுதி முடிவதற்குள் முடித்து, நீரை மரத்தடியில் விட வேண்டும்.

கடைகளில் மஞ்சள் வாளியில் அடைத்து விற்கும் 'சங்கதான்' தொகுப்பை அப்படியே வாங்காமல், உள்ளே உள்ள பொருள்களின் காலாவதித் தேதியைப் பாருங்கள். மேலே பளபளப்பாகவும் அடியில் காகிதமும் பழைய தேயிலையுமாக அடைத்திருப்பது உண்டு. காலி வாளி ஒன்று வாங்கி, சவரக்கத்தி, சோப்பு, மருந்து என்று நீங்களே நிரப்பினால் செலவும் குறையும், பிக்குகளுக்கும் பயன்படும். சோப்பையும் சாப்பாட்டுப் பொருளையும் மட்டும் ஒரே வாளியில் போட வேண்டாம். ஒரு வாரத்தில் எல்லாவற்றிலும் சோப்பு வாடை ஏறிவிடும்.